எவ்வளவு கழிக்கட்டும், மாமா?

சேதி தொண்டூருக்கு சைக்கிளில் வந்தது. மகள் வீட்டில் மல்லாட்டை அறுவடை. உதவிக்கென்று போயிருந்தேன். உதவி என்றால், வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் ஆய்கிற பெண்களுக்குக் கதை சொல்லி அவர்கள் வேலையைக் கெடுப்பது. என் இளமையில் ஒரு செடியைப் பிடுங்கப் பத்துப் பேர் வேண்டும், பிடுங்கிய குழியில் கிணறே வெட்டிக்கொள்ளலாம் என்று நான் விவரித்துக்கொண்டிருந்தபோது, டீக்கடைத் தணிகாசலம் தெருமுனையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. தணிகாசலம் கடையை விட்டு நகர்கிற ஆள் அல்ல. தாலி கட்டிய கையோடு வந்து பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவன் அவன்.

"வாப்பா, உள்ள வா. மோரு குடி" என்றேன்.

"இருக்கட்டும் மாமா."

"வெயில்ல வந்திருக்கே. தண்ணியாவது குடி."

"வேணாம் மாமா."

அவன் தெருவிலேயே நின்றான். காய் ஆய்ந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுபோயின. எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி கொண்டுவருகிறவன் வாசல் ஏறமாட்டான், தண்ணீர் வாங்கமாட்டான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் நிற்கிற இடமே சொல்லிவிடும்.

"யாருப்பா?" என்றேன்.

"துரை" என்றான். "காலையில பால் ஊத்தப் போனவங்க கதவத் தட்டித் தட்டிப் பாத்திருக்காங்க. நாற்காலியிலேயே உக்காந்த மேனிக்கு இருந்தாரு."

செஞ்சி மாநகரத்துப் பெருமக்களே, மொரேல் துரையை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கோட்டைக் குரங்குகளுக்கும் அவரைத் தெரியும். ஆனாலும் நம் வாசகசாலை மலர் வெளியூர்களுக்கும் போகிறது. அதனால் சொல்கிறேன். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பிரெஞ்சுக்காரர், கப்பலேறுமுன் ஒரு நாள் நம் கோட்டையைப் பார்க்க வந்தார். ராஜகிரி உச்சிக்கு ஏறி இறங்குவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. மறுநாளும் பஸ் இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. அவர் போகவில்லை. கோட்டைக்குப் போகிற தெருவில் நயினார் ஒருவரின் சிறிய வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். ஏன் இங்கேயே தங்கிவிட்டீர்கள் என்று யார் கேட்டாலும், புதுச்சேரிக் கடைத்தெருவில் கற்றுக்கொண்ட தமிழில் ஒரே பதில்தான் சொல்வார்: "இன்னா பண்றது, பஸ் போயிடுச்சு."

ஊர் சும்மா இருக்குமா? புதையல் தேடி வந்தவர் என்றது ஒரு கட்சி. உளவாளி என்றது இன்னொரு கட்சி. அவர் பிரெஞ்சு ராஜாவின் பேரன், பாட்டனார் விட்டுப்போன கோட்டையைத் திரும்ப வாங்க முன்பணத்தோடு வந்திருக்கிறார் என்றது மூன்றாவது கட்சி. அந்தக் கட்சியின் தலைவர், செயலாளர், தொண்டர் எல்லாம் நான்தான்.

அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே ஊர்ச் செய்தியை அவருக்குக் கொண்டுசேர்க்கும் மகத்தான பொறுப்பை நான் ஏற்றேன். மண்டியில் எடை போட்டு முடித்ததும் நேரே அவர் வீடு. என் மனைவி போய் வெகு காலம் ஆகிவிட்டது, மகளும் கட்டிக்கொண்டு போய்விட்டாள். என் வீட்டில் எனக்காகக் காத்திருந்தது ஒரு திரி விளக்கு. அவர் வீட்டிலோ, வாசலில் இரண்டு நாற்காலி போட்டிருக்கும்.

உட்கார்ந்ததும் பேச்சைத் தொடங்க முடியாது. திண்டிவனம் போகிற கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகவேண்டும். அது போகும்வரை அவர் வாயைத் திறக்கமாட்டார். போனதும், "போயிடுச்சு" என்பார். ஒவ்வொரு நாளும். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க மாமா" என்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்தான். ஊரே மாமா என்று கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிட்டார்.

அரிசிப் பஞ்சம் வந்த வருஷத்தில் ஒரு நாள் சொன்னேன்: "ரேஷன் கடை க்யூ திண்டிவனம் வரைக்கும் போயிடுச்சு துரை. கடைசில நின்னவன் அங்கேயே ஒரு படம் பாத்துட்டு வந்து மறுபடியும் நின்னான்."

அவர் தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டார். பிறகு, "எவ்வளவு கழிக்கட்டும், மாமா?" என்றார்.

"பாதி."

"பாதின்னா தீவனூர் வருது."

"இன்னுங் கொஞ்சம் கழிச்சுக்குங்க."

"பஸ் ஸ்டாண்டு?"

"அதான்."

அவர் திருப்தியோடு தலையசைத்தார். நம் ஊரில் என் பேச்சைக் கேட்டவர்கள் இரண்டு வகை. புளுகன் என்று எழுந்து போகிறவர்கள் ஒரு வகை, சிரித்துவிட்டு மறந்துபோகிறவர்கள் மற்றொரு வகை. துரை இரண்டும் இல்லை. அவர் ஒரு நாளும் என்னைப் பொய்யன் என்றதில்லை, ஒரு நாளும் அப்படியே நம்பியதும் இல்லை. கழித்தால் அடியில் ஏதாவது மிஞ்சும் என்று நம்பினார். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டுதான் அவர் இந்த ஊரில் வாழ்ந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாணங்களுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை அவர் வீடு தேடிப் போகும். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு முதல் பந்திக்கே வந்துவிடுவார். சம்மணம் போட்டு உட்கார வைக்க இரண்டு பேர், எழுப்ப நான்கு பேர். அவர் தலை தெரியாத கல்யாண போட்டோ நம் ஊரில் செல்லாது. ஆனால் சாவு வீட்டுப் பக்கம் அவரைப் பார்க்க முடியாது. பறைச் சத்தம் தெருவில் வந்தால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். டீக்கடையில் இது அடிக்கடி அடிபடும்.

"கல்யாணத்துக்கு மொத ஆளு, சாவுக்கு ஆளக் காணோம்" என்பான் தணிகாசலம். "இன்னா இருந்தாலும் வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்."

இப்படியே வருஷங்கள் ஓடின. பிறகு ஜட்கா கோவிந்தன் இறந்தான்.

கோவிந்தன் சிங்கவரத்துக்காரன். துரை கோட்டை பார்க்க வந்த முதல் நாள் அவரை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றிப் போனது அவன் வண்டிதான். அன்றிலிருந்து வாரச் சந்தைக்கு அவர் போவதும் வருவதும் அதில்தான். அவன் குதிரை அளவுக்குச் சோம்பேறிக் குதிரை ஐம்பத்தாறு தேசத்திலும் கிடையாது. வண்டி கிளம்பும்போது தெருவில் கன்றாக நின்ற மாடு, வண்டி போய்ச் சேரும்போது கன்று போட்டிருக்கும். கோவிந்தன் போனபோது ஊரே சிங்கவரத்துக்குப் போய் வந்தது. துரைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"ஒறவு சனம் இல்லாத மனுசன். அவருக்கு எதுக்கு எழவுச் சேதி? வேற ஏதாவது சொல்லிக்கலாம்" என்றான் தணிகாசலம். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் அதுதான் சரி என்றோம். சந்தை நாளில் பையோடு வாசலில் நின்றவரிடம், குதிரைக்குக் காலில் சுளுக்கு என்று சொல்லப்பட்டது.

அன்று அவர் எவ்வளவு கழிக்கட்டும் என்று கேட்கவில்லை. சுளுக்கில் கழிக்க என்ன இருக்கிறது? கடையில் வெல்லம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, குதிரையைப் பார்க்கச் சிங்கவரத்துக்கே நடந்து போய்விட்டார். அங்கே குதிரை நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தது. கோவிந்தன் மனைவி வெறும் நெற்றியோடு வெளியே வந்தாள்.

வெல்லத்தைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர், கடைசி பஸ்ஸுக்குக்கூட வெளியே வந்து உட்காரவில்லை. வாசலில் நாற்காலி இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் தணிகாசலம் தானே தூக்குப் போணியில் டீ எடுத்துக்கொண்டு என்னோடு வந்தான். துரை கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"துரை, உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்னுதான்..." என்று தணிகாசலம் இழுத்தான்.

"எங்க அக்கா செத்தத எனக்கு யாரும் சொல்லல" என்றார் அவர். "அங்க கோடைல செத்துது. இங்க மழ முடிஞ்சப்புறம் எவனோ சொல்லித் தெரிஞ்சுது. நான் அதுவரைக்கும் சிரிச்சிட்டு, சாப்டுட்டு இருந்தேன். அக்கா இருக்குதுன்னு நெனச்சிட்டு."

தணிகாசலம் தூக்குப் போணியைக் கீழே வைத்தான்.

"விருந்தாளிக்குத்தான் நல்ல சேதி மட்டும் சொல்லுவாங்க" என்றார். "நான் இன்னும் எத்தினி வருசம் விருந்தாளியா இருக்கணும்?"

தணிகாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீங்க மட்டும் இன்னாவாம்? ஒரு சாவுக்காவது வந்தீங்களா? கதவச் சாத்திக்கறீங்க."

"கூப்புட்டாத்தானே வருவேன்."

"சாவுக்கு யாராவது கூப்புடுவாங்களா துரை?"

துரை எங்களை மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து, மஞ்ச தடவி, மூணு வாட்டி சொல்லிக் கூப்புடறீங்க. அப்போ கூப்புடாத எடத்துக்குப் போறது தப்புன்னு நெனச்சேன். மரியாதைக்குத்தான் உள்ள போய் உக்காந்துக்குவேன்."

இத்தனை வருஷமும் அவர் மரியாதை என்று சாத்திய கதவை நாங்கள் அலட்சியம் என்று நினைத்திருக்கிறோம். நாங்கள் சொல்லுவோம் என்று அவர் உள்ளே காத்திருந்தார். அவர் வருவார் என்று நாங்கள் வெளியே காத்திருந்தோம். நடுவில் ஒரு மரக்கதவு. தணிகாசலம் தூக்குப் போணியைத் திறந்து டீயை ஊற்றினான். அது ஆறிப் பச்சைத் தண்ணீராக இருந்தது. துரை குடித்தார்.

அதற்குப் பிறகு நம் ஊரில் அவர் தவறவிட்ட சாவு கிடையாது. உயிர் போவதற்கு முன்பே குடையோடு போய் உட்கார்ந்துவிடுகிறார், அவரைக் கண்டாலே கிழவர்கள் எழுந்து ஓடுகிறார்கள் என்று நான் கிளப்பிவிட்டேன். உண்மையில் அவர் ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றுவிட்டு, சுடுகாட்டுத் திருப்பம் வரை நடந்து வருவார். கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகவேண்டும் என்று தணிகாசலம் சொல்லிக்கொடுத்தான். சேதி கொண்டுபோகிறவன் வாசல் ஏறக்கூடாது என்பதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தெரிந்த நாளைச் சொல்கிறேன். அன்று மண்டி விடுமுறை. நான் வீட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். நடுப்பகலில் தெருவில் துரை நின்றார். வேகமாக நடந்து வந்திருக்கிறார், முகமெல்லாம் சிவந்து வேர்வை வழிந்தது. குடை கையில் இருந்தது, விரிக்கவில்லை. அத்தனை வருஷத்தில் அவர் என் வீடு தேடி வந்ததே இல்லை. நான்தான் போவேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அடடே, பிரெஞ்சு சாம்ராஜ்யமே நம்ம வீட்டுக்கு வந்திருக்குது. உள்ள வாங்க துரை."

"இல்ல மாமா."

"காபி போடறேன். ஒரு வாய் தண்ணி குடிங்க மொதல்ல."

"வேணாம் மாமா."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தெருவில் நிற்கிற இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள, நிற்கிறவன் நம் ஆளாக இருக்கவேண்டும் அல்லவா? வெள்ளைக்காரர் ஒருவர் அப்படி வந்து நிற்பார் என்று யாருக்குத் தோன்றும்? நான் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு சேதி நீங்க கொண்டாந்திருக்கீங்களா? சொல்லுங்க, எவ்வளவு கழிக்கட்டும்?" என்று கேட்டேன்.

அவர் குடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"இதுல ஒண்ணும் கழிக்க முடியாது மாமா. அனந்தபுரத்து அக்கா. காத்தால."

என்னை வளர்த்தது என் அக்கா. சேதி அனந்தபுரத்திலிருந்து வந்த பஸ் கண்டக்டர் வழியாக டீக்கடைக்கு வந்திருக்கிறது. மாமாவிடம் யார் போய்ச் சொல்வது என்று எல்லோரும் தயங்கினார்களாம். எதையும் சிரிப்பாக்குகிற ஆளிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த துரை எழுந்து, "நான் போறேன். உடனே சொல்லணும்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாராம். பெஞ்சில் இருந்த ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. அடுத்த அனந்தபுரம் பஸ்ஸுக்கு அவர் என்னை அழைத்துப் போனார். அவ்வளவு வருஷம் கழித்து அவர் பஸ் ஏறியது அன்றுதான். வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாதது எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பேசியே பிழைத்த என்னைப் போன்றவன்தான் அறிவான்.

அவருடைய கடைசி ஆடியில், அதாவது இந்த ஆடியில், மனிதன் நிலாவில் கால் வைத்த செய்தி டீக்கடை ரேடியோவில் வந்தது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய செய்தி. ஒரு இம்மிகூடச் சேர்க்கத் தேவையில்லாத செய்தி. மாலையில் மூச்சு வாங்க ஓடினேன். கடைசி பஸ் போகும்வரை அதை வாய்க்குள் அடக்கி வைத்திருந்தது நான் செய்த தவங்களில் பெரியது. போனதும் சொன்னேன். ராஜகிரிக்கு மேலே அரை நிலா நின்றது. துரை அதைப் பார்த்தார்.

"எவ்வளவு கழிக்கட்டும், மாமா?"

"ஒண்ணும் கழிக்க வேணாம் துரை. சத்தியமா."

"எத்தினி பேரு எறங்கினாங்கன்னு சொன்னீங்க?"

"ரெண்டு பேரு."

"சரி, பாதி கழிச்சிடறேன். ஒருத்தன் எறங்கினான்னு வச்சுக்கலாம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் மறுபடியும் நிலாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஒருத்தன்னா, அங்க பேச்சுத் தொணைக்கு யாரு இருக்கா அவனுக்கு?" என்றார். பிறகு, "வேணாம் மாமா. ரெண்டு பேருன்னே இருக்கட்டும்" என்றார்.

மூன்றாவது ஒருவன் இறங்காமல் மேலேயே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தான் என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. பேப்பர் படித்த வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம், வேறு எந்தச் செய்தி சொன்னாலும், முடிவில் அந்த மூன்றாவது ஆள் வீடு போய்ச் சேர்ந்தானா என்று விசாரித்தார்.

தொண்டூருக்குத் திரும்புகிறேன். சைக்கிளை மகள் வீட்டில் போட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். தணிகாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "மாதாகோயில் சாமியாரு வந்தாரு. ஒறவுக்காரங்க யாருக்காவது சொல்லி அனுப்பணுமான்னு கேட்டாரு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்தாங்க. தொண்டூர்ல ஒருத்தரு இருக்காருன்னு சொல்லிட்டு நான் சைக்கிள எடுத்துட்டேன் மாமா."

"அதான் மோரு வேணாம்னியா?"

"ஒறவுக்குச் சொல்ல வர்றப்போ எப்படிக் குடிப்பேன்?"

கல்லறைத் தோட்டத்தில் கூடிய கூட்டம் கோட்டையின் மூன்று மலைகளையும் மறைத்தது, கோட்டைக் குரங்குகள் வரிசையாக இறங்கி வந்து நின்றன என்று எழுதத்தான் கை துடிக்கிறது. கழித்தே சொல்கிறேன்: அறுபது எழுபது பேர் இருப்போம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சிங்கவரத்திலிருந்து கோவிந்தன் மனைவி நடந்தே வந்திருந்தாள். ஜெபம் முடிந்ததும் சாமியார், "உறவுக்காரங்க மொதல்ல மண்ணு போடுங்க" என்றார். கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. என் வாழ்க்கையில் முதல்முறையாக, அறுபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மண்ணைப் போட்டேன். எனக்குப் பின்னால் தணிகாசலம் போட்டான், அவனுக்குப் பின்னால் கோவிந்தன் மனைவி. அதற்குப் பிறகு வரிசை ஓயவில்லை. உறவு எங்கே முடிகிறது என்று பார்க்கச் சாமியார் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இதில் கழிக்க வேண்டாம்.

வீட்டுக்கார நயினார் அந்த இரண்டு நாற்காலிகளையும் என்னிடமே கொடுத்துவிட்டார். என் வாசலில் போட்டிருக்கிறேன். மண்டியிலிருந்து நேரே வீட்டுக்கு வருகிறேன். தணிகாசலத்திடம் கதை சொன்னால் சிரிக்கிறான், எழுந்து பாய்லரைப் பார்க்கப் போய்விடுகிறான். சொன்னது சொன்னபடியே பெரிதாக நிற்கிறது. குறைத்து வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். நேற்று மாலை மழை பிடித்தது. ராஜகிரி கரைந்து ஆற்றில் போகிறது, செஞ்சியே பஸ்ஸோடு மிதந்து கடலுக்குப் புறப்பட்டுவிட்டது என்று எதிர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னேன். கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. எவ்வளவு கழிக்கட்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். கழித்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் தூறல், இரண்டு நாற்காலி, ஓர் ஆள். அதற்குக் கீழே கழிக்க முடியவில்லை, துரை.